ஆளுக்கொரு சாண்

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சரிதாவுக்கு மட்டும் வெற்றுச் சீட்டு வந்தது.

மாநில எல்லையோரத்து ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் அவர்கள் குடியிருக்கும் மனைப்பிரிவின் நடுவே உயர் அழுத்த மின்கம்பி போகிறது. கம்பிக்கு அடியில் வீடு கட்டக் கூடாது. நீளவாக்கில் சும்மா கிடந்த அந்த நிலத்தைக் குடியிருப்போர் சங்கத்தார் காய்கறித் தோட்டமாக்கினார்கள். நடுவில் ஒரு வழி, இரண்டு பக்கமும் பாத்திகள். கேட்ட குடும்பங்களைவிடப் பாத்தி ஒன்று குறைவாகப் போயிற்று. அந்தக் குறை யார் தலையிலாவது விழத்தானே வேண்டும், அவள் தலையில் விழுந்தது.

சங்கச் செயலாளர் அற்புதராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நடுவழி உங்க பொறுப்பும்மா. அது ஒண்ணும் சாதாரண வேலை இல்ல," என்றார். சொல்லும்போதே அவர் முகம் அதைச் சாதாரண வேலை என்று காட்டிக் கொடுத்துவிட்டது. வீட்டில் கணவன் ஹரீஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எல்லாரும் கத்தரிக்கா கொண்டாருவாங்க. நீ என்னா கொண்டாருவ, மண்ணா?"

ஆளைத் தெரியாமல் கொடுத்த வேலை அது. சரிதா வேலை பார்ப்பது ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோரில். அங்கே தரையில் இரண்டு மஞ்சள் கோடு, நடுவில் நடைவழி. கோட்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டி வைத்தவர் மேனேஜரே ஆனாலும் அதை எடுக்க வைத்துவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள். வழி என்றால் மற்றதெல்லாம் போக மிஞ்சிய இடம் என்று ஊரே நினைக்கட்டும், அவள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

முதல் மழைக்கே நடுவழி சேறாகிவிட்டது. செருப்பை விட்டுவிட்டுக் கால் மட்டும் வெளியே வந்தது. என்ன போடலாம் என்று சரிதா எல்லோரையும் கேட்டாள். வைக்கோல் போடலாம் என்றார் ஒருவர், எலி வரும். கிரஷர் தூள் என்றார் இன்னொருவர். காற்றடித்தால் கீரையெல்லாம் நறநறக்கும். கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை செய்யும் வெங்கடப்பன்தான், "கழிச்சுப் போட்ட துண்டுக் கல்லு மலையாட்டம் கெடக்குதுங்க, நான் கொண்டாறேன்," என்று ஒரு குட்டியானை வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பும் சிவப்புமாய் முகம் பார்க்கலாம் போல மின்னின. பளபளப்பை மண்ணில் கவிழ்க்க யாருக்கு மனசு வரும்? மின்னும் பக்கத்தை மேலே வைத்துப் பதித்தார்கள். அரண்மனை மாதிரி இருக்கிறது என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

மறுநாள் தூறல் போட்டது. தண்ணீர்ப் பூவாளியோடு வந்த வெங்கடப்பன் தான் கொண்டுவந்த கல்லிலேயே வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் இரண்டு பாத்தி தூரம் போய்த்தான் நின்றார். தினமும் கல்லோடு புழங்குகிறவருக்கே அது வழுக்கும் என்று தோன்றவில்லை. சரிதா சிரிக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்த களைப்போடு காலையில் வந்து, ஒவ்வொரு கல்லாய்ப் பெயர்த்து, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தாள். அதற்கப்புறம் அடை மழையிலும் அந்த வழியில் யாரும் விழவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய வம்பு. தோட்டத்துக்காரர்களில் பாதிப் பேர் பாரூர்ப் பக்கமும் தொரப்பள்ளிப் பக்கமும் வயலில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் மண்வெட்டியை எடுத்து வரப்பைச் செதுக்குவது அவர்கள் கைக்குப் பழக்கம். இங்கே வரப்பு ஏது? வழியின் ஓரத்தைச் செதுக்கினார்கள். ஓரத்துக் கல் எடுபட்டு மூலைக்குப் போயிற்று. கேட்டால், "நான் எங்கம்மா வெட்டனேன், புல்லதான செதுக்கனேன்?" என்பார்கள். பொய்யும் இல்லை, அவர்கள் கை செய்தது அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் தக்காளிக் கூடையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வர முடியாமல் ஒருவர் வெண்டைச் செடியை மிதித்தபோதுதான் சரிதா வழியைச் சரியாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் காணாமல் போயிருந்தது.

போனதைக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். மூலையில் கிடந்த கற்களை எடுத்து வழியின் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாகப் புதைத்தாள். அதன்பிறகு எவர் மண்வெட்டி வழிப் பக்கம் வந்தாலும் கல்லில் பட்டு 'ணங்' என்று தோட்டம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் செதுக்கும் கைகள் அடங்கிவிட்டன.

மூன்று வருஷத்தில் அந்த வழி ஊர்ப்பெருமை ஆகிவிட்டது. அத்திப்பள்ளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் தோட்டத்தைக் காட்டக் கூட்டிவருவார்கள். வந்தவர்கள் கத்தரியைப் பார்ப்பதற்கு முன் கீழே பார்த்து, "தாரி சென்னாகிதே," என்று கன்னடத்தில் வழியைத்தான் மெச்சுவார்கள். சரிதா காதில் விழாதது போல ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கும். ஆனாலும் பை நிறையக் காயோடு மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவள் கண் அந்தப் பைகளின் பின்னால் போகாமல் இருந்ததில்லை. சொந்தமாக ஒரு பாத்தி, அதில் அவரைக் கொடி. இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாமலே தெரிந்திருந்தது போலும். சங்கக் கூட்டத்தில் வெங்கடப்பன் எழுந்தார்.

"மூணு வருஷமா நம்ம காலுக்குக் கீழயே வேல பாக்குறாங்க இந்த அம்மா. ஒரு கொத்து கீர புடுங்கித் தின்னதில்ல. நடுவழிய எடுத்துட்டு அத நீளப் பாத்தியா இவங்களுக்கே குடுத்துரலாம். நாம வேலியோரமா சுத்திப் போயிக்கலாம், என்னா இப்ப?"

ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. சரிதா மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டாள். நீளப் பாத்தி, அவரைக்கென்றே அளந்த மாதிரி. பக்கத்தில் ஹரீஷ்குமார் அவள் முழங்கையை இடித்து, "சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு," என்று கிசுகிசுத்தான். ஆனால் அந்த வழியை எடுப்பதென்றால் அவளே தோண்ட வேண்டும்.

"வர்ற ஞாயித்துக்கிழம நடுவழியோட ரெண்டு முனையிலயும் கயிறு கட்டி அடச்சுப் பாக்கலாம்," என்றாள். "சுத்திப் போறதுல யாருக்கும் கஷ்டம் இல்லன்னா எடுத்துக்கறேன்."

கஷ்டம் இருக்கக் கூடாதே என்றுதான் அவள் மனசு வேண்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றைக் கட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்தாள். முதலில் வந்தவர் சென்னம்மாள். கோடியில் இருக்கும் பாத்தி அவருடையது. வலது முட்டியில் வலி, கையில் தடி. பூவாளியை நிரப்பிக்கொண்டு, "பர்வாலேது, பர்வாலேது," என்று தெலுங்கில் தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு வேலியோரமாக நடந்தார். மின்கோபுரத்துக் காலின் மறைவுக்குப் போனதும், இங்கிருந்து தெரியாது என்று நினைத்து, பூவாளியைக் கீழே வைத்து முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"சுலபமாதான் இருக்குது கண்ணு," என்றார்.

அற்புதராஜின் பேண்ட் முள்கம்பியில் மாட்டிப் பின்பக்கம் கிழிந்தது. காய்ப் பையைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "நல்லா காத்தோட்டமா இருக்குதும்மா இந்தப் பக்கம்," என்று சொல்லிவிட்டுப் போனார். காற்று எங்கே வந்தது என்று சொல்லவில்லை. வெங்கடப்பன் தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வந்தார். முழங்கையில் ரத்தக் கீறல்.

"ரொம்ப சவுரியமா இருக்குதுங்க. இத முன்னயே செஞ்சிருக்கலாம்," என்றார்.

ஒருவராவது முணுமுணுத்திருந்தால், உங்களுக்கு மட்டும் பாத்தி வேண்டும், எனக்கு வேண்டாமா என்று சரிதாவும் மல்லுக்கு நின்றிருப்பாள். விரல் அகல மண்ணுக்குச் சண்டை பிடிக்கிற இந்த மனிதர்கள் அவளுக்காக வாய்கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இவ்வளவு நல்லவர்களா இவர்கள் என்று அவளுக்குக் கோபமே வந்தது. எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்து எறிந்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க!"

கம்பெனியில் போடும் அதே சத்தம். மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார்கள்.

"சுலபம்னு சொன்னவங்கள்ளாம் கைய காட்டுங்க, முட்டிய காட்டுங்க. அற்புதராஜ் சார், நீங்க அந்தப் பைய எடுங்க பாக்கலாம்."

அற்புதராஜ் எடுக்கவில்லை. சிரிப்பு வெடித்தது.

"எனக்குப் பாத்தி வேணாம்," என்றாள் சரிதா. ஹரீஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் போட்ட வழிய நானே தோண்ட மாட்டேன். இப்பிடி ஒரு வழி இந்த ஏரியால வேற எங்க இருக்குது, சொல்லுங்க? இது என்னுது."

"சரிம்மா. ஆனா உங்களுக்குன்னு எதாவது குடுக்கணுமே, மனசு கேக்கல," என்று இழுத்தார் அற்புதராஜ்.

"குடுங்க. ஆளுக்கொரு சாண் குடுங்க. பாத்திய உள்ள இழுத்துக்குங்க, வழி மொதல்ல இருந்த அகலத்துக்கு வரட்டும்."

பாத்தியைக் கொடுப்பதற்குத் தூக்கிய கைகளில் ஒன்றுகூட இப்போது அசையவில்லை. அது பொது வழி, இது அவரவர் மண். ஒவ்வொருவரும் தங்கள் பாத்தியின் வழியோரத்தைப் பார்த்தார்கள். அந்த ஓரத்தில்தான் செடி செழித்து நின்றது. வெங்கடப்பனின் ஓரத்தில் மிளகாய் முதல் பூ விட்டிருந்தது.

அவர்தான் கடப்பாரையை எடுத்தார். தன் பாத்தி ஓரத்துக் கல்லைப் பெயர்த்து வைத்துவிட்டு, மண்டியிட்டு, கையை விரித்து அளந்தார். கல் தூக்கிக் காய்த்த கை, முறம் மாதிரி இருக்கும்.

"உங்க கையில அளக்காதீங்க, ரொம்பப் போயிரும். சின்னக் கையா இருக்கற யாராவது வந்து அளக்கட்டும்," என்றாள் சரிதா.

"என் மண்ணு, என் கையாலதான் குடுப்பேன்," என்று சொல்லிவிட்டு, மிளகாய்ச் செடிகளை வேர்மண்ணோடு தோண்டி உள்ளே தள்ளி நட ஆரம்பித்தார்.

அவர் பக்கத்துப் பாத்திக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் குனிந்தார். அப்புறம் எதிர்ப்பாத்தி. வரப்பைத் தின்றே பழகிய கைகள் தாமாக உள்ளே நகர்வதைச் சரிதா வழியின் நடுவில் நின்று பார்த்தாள். இரண்டு ஓரமும் விலக விலக அவளுக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. கண்ணில் நீர் வந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை. ஹரீஷ்குமார் முணுமுணுத்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கல் சுமக்க வந்தான்.

வெயில் சாயும்போது கடைசிக் கல் பதிந்தது. சென்னம்மாள் ஒரு கையில் தடியை ஊன்றி, மறு கையால் சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழியில் இறங்கினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். யார் காலும் எந்தச் செடியிலும் படவில்லை. கோடியில் அவருக்கு அப்போது வேலை ஒன்றும் இல்லை. தண்ணீர் காலையிலேயே விட்டாயிற்று. கோடி வரை போய்த் திரும்பித் தொட்டியருகே வந்ததும் சென்னம்மாள் கையை விடவில்லை.

"இன்னொரு தடவ போயிட்டு வரலாமா கண்ணு?" என்று கேட்டார்.