எச்சில் போதுமா?

மூன்றாவது முறையும் கிரேன் ஓட்டுநர் கழிப்பறையிலிருந்து காலிக் கோப்பையோடுதான் வெளியே வந்தார். அறுபதடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்குகிற ஆள். கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறது என்றால் மட்டும் சிறுநீர் வர மறுத்தது.

"வீட்டுல ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுப் போறீங்க. இங்க என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"அது என்ன குழாயாடி, திருப்பினா வர?"

பரிசோதனைக்கூடத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மணி நான்கு. ஐந்துக்குள் போதைப்பொருள் பரிசோதனை முடிவு அவரைப் புதிதாக வேலைக்கு எடுக்கும் துறைமுக நிறுவனத்துக்குப் போக வேண்டும். மாதிரி கொடுக்காவிட்டால் 'மறுத்தார்' என்று எழுதுவது விதி. வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவர் எங்கே மறுத்தார்? இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறார்.

அலமாரியில் எச்சில் பரிசோதனைப் பெட்டி இருந்தது. ஆனால் அதற்கு நிறுவனத்தின் அனுமதி வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவதென்றால் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணுக்குப் பயம். சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிவைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"சிறுநீர்னா நாலஞ்சு நாள் தெரியும். எச்சில்ல ஒண்ணு ரெண்டு நாள்தானேம்மா?" என்றார் நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர்.

இது தாளில் இல்லை.

"ஆமா சார். ஆனா என் கண்ணு முன்னாடியே எடுக்கிறது. மாத்தி வைக்க முடியாது. கிரேன்ல ஏறுறவர் இப்போ தெளிவா இருக்காரான்னு இதுல நல்லாவே தெரியும்."

அந்தப் பக்கம் ஒரு இருமல். "சரி, எடுங்க. அனுமதிய எழுதி அனுப்பறேன்."

தண்ணீர் குடித்த வாய் என்பதால் பத்து நிமிடம் காத்திருந்து, பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் வைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் ஓட்டுநர். குச்சியை எடுத்ததும் அவர் முகம் மாறியது. கழிப்பறைக்கு ஓடினார்.

"இப்பப் போறாரு பாரு!" மனைவி தலையில் அடித்துக்கொண்டு, குச்சியைச் செருகிய பரிசோதனை அட்டைமேல் குனிந்தாள். "கோடு வந்தா நல்லதா, கெட்டதாம்மா?"

"வந்தாதான் நல்லதுக்கா. ஒவ்வொரு கோடும் ஒரு போதைப்பொருள் இல்லேன்னு அர்த்தம்."

ஒவ்வொன்றாக ஐந்து கோடுகள் வந்தன. கடைசிக் கோடு மங்கல்.

"இது சரியாவே தெரியலையே!"

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்க்கா. அண்ணன் பாஸ்."

நான்கு ஐம்பதுக்கு முடிவை அனுப்பினாள். உடனே பதில் வந்தது: திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லவும்.

மனைவி ஓடிப்போய்க் கழிப்பறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க! வேலை கெடச்சிருச்சு!"

"தட்டாதடி," என்று உள்ளிருந்து குரல் கெஞ்சியது, "நின்னுடும்!"