சேவல் மேல் விழுந்த பழி

1

இந்தக் கதை ஒரு பேன்ட்டில் தொடங்கியது. தைக்கக் கொடுத்ததை வாங்கப் போன இடத்தில், தையல்காரர் வீட்டுப் பின்பக்கம் முதுகு மொட்டையான கோழிகள் உலாத்துவதைப் பார்த்தேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கோழிகள் மனதில் நின்றுவிட்டன. மற்றதெல்லாம் கற்பனை.

முதல் தொடக்கம்: ‘அன்று விடியலில் சேவல் கூவவில்லை. ஏனென்றால் அதன் நெஞ்சில்…’

(அடித்துவிட்டேன். சேவல் நன்றாகவே கூவியது. அதற்கு ஒன்றும் தெரியாது.)

இரண்டாம் தொடக்கத்தில் இறகுத் திருடன் ஒருவனை வைத்தேன். முதுகிலும் இறகு இல்லை, தரையிலும் இல்லை என்றால் யாராவது கொண்டுபோயிருக்க வேண்டுமே. அவனுக்குத் தலையணை தைக்கும் தொழில்கூடக் கொடுத்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, “இதுக்கு அந்தப் பேன்ட்டைப் பத்தியே எழுதலாம்” என்றாள்.

2

மூன்றாம் தொடக்கத்தில் நடந்தது இதுதான். கோழி வளர்ப்பவர் தையல்காரரின் மனைவி. தீவனம் கலப்பது மட்டும் தையல்காரர் பொறுப்பு: மக்காச்சோளம், தவிடு, மீன்தூள். மீன்தூள் மூட்டை தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தது. புதுத்துணியெல்லாம் மீன்கடைக்குப் போய் வந்ததுபோல நாறவே, ஒரு மணப்பெண்ணின் அம்மா முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அன்றே தையல்காரர் காதும் காதும் வைத்தாற்போல் மூட்டையை அப்புறப்படுத்தி, அந்தப் பங்குக்கும் தவிட்டையே போட்டார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

கொஞ்ச நாளில் முதுகுகள் மொட்டையாயின. மனைவி பழியைச் சேவல் மேல் போட்டார்.

“மிதிச்சு மிதிச்சே பொண்ணுங்க முதுகை மொட்டையாக்கிட்டான். ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்.”

(இங்கே தையல்காரர் நல்லவரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நல்லவர்தான். தைரியம் மட்டும் அரை மீட்டர் குறைச்சல்.)

3

அளவு கொடுக்க வந்த கால்நடை மருத்துவரிடம் தையல்காரர், யாரோ சிநேகிதர் வீட்டுக் கோழிகள் என்று சொல்லி விசாரித்தார்.

“தரையில இறகு கிடக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப ஒண்ணையொண்ணு பிடுங்கித் திங்குது. இறகு பெரும்பாலும் புரதம்தான். தீவனத்துல கிடைக்காததைப் பக்கத்துக் கோழி முதுகுல தேடுது. உங்க சிநேகிதர் எதையோ நிறுத்தியிருக்கார், கேட்டுப் பாருங்க.”

அந்தச் ‘சிநேகிதர்’ மருத்துவரின் இடுப்பளவைத் தப்பாகக் குறித்துக்கொண்டார்.

ரகசியமாக மீன்தூளைத் திரும்பக் கலந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இறகு முளைக்காது. வாயைத் திறந்தால்தான் சேவலுக்கு உயிர். அதுவோ கதவு திறந்ததும் ஓடிவந்து அவர் காலையே சுற்றியது.

4

ஞாயிறு. வாசலில் கறிக்கடைக்காரர். மனைவியின் கக்கத்தில் சேவல். தையல்காரர் ஏதோ முனகிக்கொண்டே வந்தார்; வாயில், வழக்கம்போல் குண்டூசிகள்.

“ஏங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே?”

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கத் தொடங்கினார்.

முடிவு அ: சொல்லிவிடுகிறார். சேவல் பிழைக்கிறது. இரவு அவர் தட்டில் தவிடு.

முடிவு ஆ: சொல்லவில்லை. மதியம் கறித் தட்டை அப்படியே தள்ளிவைக்கிறார். அடுத்த மாதமும் முதுகுகள் மொட்டை. பழி போடத்தான் சேவல் இல்லை.

இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசி ஊசியை அவர் வாயிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அது அங்கே இருக்கும்வரை சேவல் உயிரோடு இருக்கும்.

அதை நீங்கள் எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கோழிகளுக்கு ஒரு கை மீன்தூள் போட்டுவிடுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் மிச்சமிருக்கும் வாலும் போய்விடும்.