மூக்கில்லாத கோப்பை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, கேட்டது. கீழ்வீட்டிலிருந்து பகலெல்லாம் 'டொக், டொக்' என்று மாடிப்படி ஏறி வந்த சத்தம், நான் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதையைத் தின்றுவிட்டது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று இறங்கிப் போனேன். போன இடத்தில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பசுமரத்தாணி போல அவர் மனதில் அந்த...' வேண்டாம். கதையிலேயே நிஜமான பச்சை மரம் ஒன்று வருகிறது. அதைப் போய் உவமைக்கு இழுப்பானேன்?

மறுபடியும். கீழ்வீட்டில் இரண்டு பேர். ஒருவர் சலூன்காரர், எங்கள் தெருவின் பாதித் தாடைகளை மழித்த கை அவருடையது. இன்னொருவர் அவருடைய அக்கா, தையல்காரி. தம்பிக்கு மீசை நரைத்து, மனைவி போய்ச் சேர்ந்து, இவ்வளவும் ஆன பிறகும் அக்கா அவரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

2

சலூன்காரருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளரின் காதோரம் சின்னதாக ஒரு கீறல் விழுந்த அன்றே கடையை இழுத்துப் பூட்டிவிட்டார்.

(இங்கே ஒரு சோகப் பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் அழவில்லையாம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாராம்.)

கஷ்டம் வீட்டில்தான் வந்தது. கண்ணாடி டம்ளர்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. எவர்சில்வர் டம்ளர் சுட்டது, வழுக்கியது. கடைசியில் அக்கா மருந்துக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கி வந்தார். நீல மூடி, அதில் உறிஞ்சிக் குடிக்க ஒரு மூக்கு. சலூன்காரர் அதைப் பார்த்தார். அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை.

"குழந்தைங்க குடிக்கிற சாமான் இது" என்றார் மறுநாள்.

"குழந்தைங்களுக்குக் கூட இவ்வளவு வீம்பு கிடையாது" என்றார் அக்கா.

அந்த வாரம் தெருமரத்தின் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். தொடை பருமனில் ஒரு துண்டை, வெட்டுவாயில் ஈரம் காயுமுன்பே, சலூன்காரர் வீட்டுக்கு இழுத்து வந்தார். தனக்கு ஒரு கோப்பை தானே செதுக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். நாலு விரலும் உள்ளே போகிற மாதிரி காது வைத்து, அடிகனமாக. அக்கா காய் நறுக்கும் கத்தியையும் துணி வெட்டும் கத்தரிக்கோலையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சலூன்காரர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கைக்கோடாலியும், உள்ளே குடைய வளைந்த கத்தியும் வாங்கி வந்தார்.

3

எனக்கே ஒரு சந்தேகம். நடுங்குகிற கை மரம் செதுக்குமா? நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து, கைநடுக்கத்தை மூட்டுவலியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. அவரிடமே போய்க் கேட்டேன்.

சும்மா கிடக்கும்போதும், லேசான சாமானைத் தூக்கும்போதும்தான் கை ஆடுகிறது, எதையாவது இறுக்கிப் பிடித்து அழுத்தினால் கொஞ்சம் அடங்குகிறது என்றார். காய்ந்த மரமென்றால் தன் பலம் போதாது, பச்சை மரம் ஈரத்தோடு கத்திக்கு இணங்கிக் கொடுக்கிறது என்றும் சொன்னார்.

(அடங்குகிறது என்றுதான் சொன்னார். நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை.)

துண்டை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியில் முதல் கோப்பையைச் செதுக்கினார். செதுக்கி முடித்த அவசரத்தில் ஜன்னல் வெயிலில் வைத்தார். விடிந்து பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே வெடிப்பு. மற்றப் பாதியை எடுத்து மறுபடி உட்கார்ந்தார்.

அன்றைக்குக் கத்தி வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த இடது கட்டைவிரலில் இறங்கியது. அக்கா ஓடிவந்து கட்டுப்போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்குச் சலூன்காரர் பயந்தார். கோடாலி, கத்தி, மரம் எல்லாம் குப்பைக்குப் போகப்போகிறது என்று நினைத்தார்.

'அக்காவின் கண்களில் கண்ணீர்...' இல்லை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தையல் மிஷின் ஓடிற்று. சாயங்காலம் வரை ஓடிற்று. பிறகு அக்கா வந்து தம்பியின் மடியில் இரண்டு சாமான்களைப் போட்டார். முரட்டுத் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த ஒரு கையுறை, மடியில் வைத்துக்கொள்ள ஒரு திண்டு.

"இதைப் போட்டுக்கிட்டு வெட்டு. இல்லேன்னா வெட்டாதே."

"இடது கைக்கு மட்டும்தான் இருக்கு?"

"வலது கைக்குத்தான் கத்தி இருக்கே."

4

இரண்டாவது கோப்பையை அவர் அவசரப்படுத்தவில்லை. செதுக்கிய சீவல்களோடேயே ஒரு பையில் போட்டுக் கட்டி, ஈரம் மெள்ள இறங்கட்டுமென்று கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். வாரக்கணக்கில் சத்தமில்லை. நான் நிம்மதியாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, பையை எப்போது அவிழ்ப்பார் என்று காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடிக்கிறார். என் பிரதிகளைப் படித்துப் பார்க்கும் நண்பனுக்கு அது பிடித்தது. இன்னொன்றில் கோப்பை மறுபடி வெடிக்கிறது, அவர் மூன்றாவது கோப்பைக்குப் போகிறார். எனக்கு அது பிடித்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் அவர் பையை அவிழ்த்துவிட்டார்.

5

கோப்பை வெடிக்கவில்லை. ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் தடவி ஊறவிட்டு, ஒரு காலையில் அக்காவிடம் நீட்டினார். அக்கா தேநீர் ஊற்றினார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

நாலு விரலையும் கோப்பையின் காதுக்குள் விட்டு, இடது கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். ஆடியது. சட்டையில் சிந்தியது. அக்காவின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று.

"இரு அக்கா."

அக்காவின் கை அங்கேயே நின்றது. அவர் கடைசி வாய் வரை குடித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். கனமான, நல்ல சத்தம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

அக்கா பாதி ஊற்றி நிறுத்தினார்.

"நிறைய" என்றார் அவர்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு விளிம்புவரை ஊற்றினார்.

நான் மாடியேறிவிட்டேன். அதற்குமேல் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அந்த இரண்டாம் தடவை எவ்வளவு சிந்தியது என்பதை நீங்கள் உங்கள் இஷ்டம்போல எழுதிக்கொள்ளலாம். ஒரு சொட்டு என்றாலும் சரி, முக்கால்வாசி என்றாலும் சரி. ஆனால் அவர் நிறையக் கேட்டார், அக்கா நிறையத்தான் ஊற்றினார். அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.