காலை ஆறு மணிப் பார்சல்

“ராத்திரியை வாங்கிக்கிட்டவரு காலையையும் வாங்கிக்கணும் மேடம்” என்றேன்.

இதை மட்டும் கேட்கவே கூடாதென்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பிள்ளை அப்பனிடம் இருக்கும் நேரம் கூடினால் எனக்கு வரும் தொகை குறையுமாம். அம்மாவோ பெற்றவள் கேட்கிற கேள்வியா இது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த அலுவலகத்தில் பிள்ளைச் செலவுக்கு அப்பன் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ராத்திரி வைத்து எண்ணுகிறார்கள். பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறதோ அந்த வீட்டுக்கு அந்த ராத்திரி. வாரம் மூன்று ராத்திரி காட்டிவிட்டால் கட்டுவது பாதியாகிவிடும். படிப்பு ஏறாத என் முன்னாள் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு விதியில் மட்டும் கற்பூர புத்தி.

திங்கள், செவ்வாய், புதன் இரவு ஒன்பதுக்கு வருவார். நான் ஊட்டி, வீட்டுப்பாடம் எழுதவைத்து, கதை சொல்லித் தூங்கவைத்த சுண்டெலியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். சுண்டெலி எங்கள் மகள், ஆறு வயது. விடிந்து ஆறடித்ததும் அதே தூக்கத்தோடு, அதே தோளில் பார்சல் திரும்பி வந்துவிடும். ஆறரைக்கு அவருக்கு ஜிம்மில் முதல் பேட்ச். ஊரிலுள்ள தொப்பைகளையெல்லாம் எழுப்பி ஓடவிடுகிற மாஸ்டருக்குத் தன் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்த்துவிட நேரமில்லை.

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்துவிட்டு மூன்று வருடமாகத் துணிக்கடையில் பில் போடுகிறேன். இப்போது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். மற்ற இரண்டு நாள் பள்ளிக்கூட நேரம்தான். காலைப் பார்சலை நான் வாங்கிக்கொண்டிருந்தால் அந்த வேலை போச்சு.

மேடம் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதில் ராத்திரிக்குத்தான் கட்டம் இருக்கிறது, காலைக்கு இல்லை என்றார். அப்படியானால் ராத்திரியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், தொகை தானாக ஏறட்டும் என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சுண்டெலியின் அப்பா பதறினார். ராத்திரியையும் விட முடியாதாம், பேட்ச்சையும் விட முடியாதாம்.

“ரெட்டைப் பின்னல் வேற போடணும் மேடம். எனக்கு அதெல்லாம் வராது.”

“நூறு கிலோ தூக்குற கைக்கு அரைச் சாண் பின்னல் கனமா இருக்கா?” என்றேன்.

மேடம் சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்தார். மாஸ்டர் விடவில்லை. பிள்ளைக்குத் தன் வீடு என்றால் உயிராம், வேண்டுமானால் அவளையே கேட்கலாமாம்.

“அவ என்னைக் கேட்டுட்டா” என்றேன். “அம்மா, அப்பா வீட்டுச் சுவரு என்ன கலருன்னு கேட்டா. ரெண்டு வருஷமா வாரம் மூணு ராத்திரி அங்கதான் படுக்குறா.”

மேடம் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பச்சை” என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு மேடத்திடம், யோசித்து அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். இவருக்கு யோசனை வந்து முடிவதற்குள் சுண்டெலிக்குக் கல்யாணமே முடிந்துவிடும்.

பையைத் திறந்தேன். பள்ளிக்கூட ஷூ, சீப்பு, இரண்டு ரிப்பன், பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் மேடத்தின் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

“நேத்தே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். செவ்வாய், புதன் காலைல ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். எட்டரைக்கு ஸ்கூல். இடது பக்கம் சிக்கு ஜாஸ்தி, மெதுவா சீவுங்க.”

“திங்கக்கிழமை?” என்றார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி என்னோடதுதானே? அதுக்கு அடுத்த காலையை நானே பாத்துக்குறேன். கணக்குன்னா கணக்கு.” அந்த ஒரு விடியலுக்கு அம்மா வருவாள், தலையில் அடித்துக்கொண்டேதான் வருவாள்.

“சார், எந்தக் கட்டத்துல டிக் போடட்டும்?” என்று மேடம் கேட்டது காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னாரோ, அதற்குள் நான் பாதிப் படி இறங்கியிருந்தேன்.