இருபத்தாறாம் தேதி வராத வீடு

என் கணவர் சிவசங்கரனுக்கு ராகு காலத்தில் எவ்வளவு நம்பிக்கையோ, அவ்வளவு நம்பிக்கை சும்மா கிடைக்கும் பொருள்களிலும் உண்டு. இந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு 1999 கோடையில் என்னை என்ன பாடு படுத்தின என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணித் தண்ணீரில் என்னென்ன உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, நடுவே இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்ததில் ஆய்வு இழுத்துக்கொண்டே போயிற்று. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு மே முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பட்ட பாடெல்லாம் ஆற்றோடு போகும்.

ஆய்வேடு முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இவர் ஏதோ பத்திரிகையோடு வந்த சி.டி. ஒன்றைக் கொண்டுவந்தார். வைரஸைப் பிடிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. ஒரு மாதம் சும்மா போட்டுப் பார்க்கலாம், பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். சும்மா என்ற சொல் காதில் விழுந்த பிறகு இவரை யார் நிறுத்துவது?

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்பார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்பார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் வைரஸ் இல்லை என்று வரும். அதில் இவருக்குச் சந்தோஷம் வரவேண்டாமா? முகம் வாடிவிடும். ஒன்றுமே அகப்படவில்லை என்றால் இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ஓட்டுவார்.

அடுத்து, எழுதியதை நகல் எடுத்து வைக்கும் பிளாப்பிகளுக்குத் தடை வந்தது. இவர் அம்மா இருந்தவரை சமையலறையில் மடி பார்த்த வீடு இது. அந்த ஆசாரம் இப்போது கம்ப்யூட்டருக்கு மாறியது. வெளியே போய்வந்த பிளாப்பி தீட்டு, உள்ளே நுழையக் கூடாது. எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டார். என் வழிகாட்டி பேராசிரியை ஞானம்பாளுக்கு ஐந்து அத்தியாயங்களைத் தாளில் அச்சடித்துக் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். ஆறாம் அத்தியாயம், முழு ஆய்வும் எதற்காக என்று சொல்கிற முடிவுரை, கம்ப்யூட்டரில் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி ஆபீஸிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நேசையா சொன்னாராம்: ஒரு புது வைரஸ் சத்தமில்லாமல் பதுங்கியிருந்து ஏப்ரல் இருபத்தாறாம் தேதி விழித்துக்கொள்ளும், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும். சும்மா கிடைத்த மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரியாமலும் இருக்கலாம் என்றாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால ராகு காலம் முடியக் காத்திருந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அதன் தேதியை ஒரு மாதம் பின்னால் இழுத்து மார்ச் இருபத்தைந்து என்று வைத்தார்.

"அந்த நாள் நம்ம வீட்டுக்கு வரவே வேண்டாம்ட்டி. ராகு காலத்துல வெளிய போகாம உக்காந்துருக்கோம்லா, அது மாதிரிதான்."

இருபத்தாறு வந்தது, போனது. இவர் ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. இவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். சரி, தேதியைத் திருப்பி வையுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். தேதி பின்னால் இருப்பதால் சோதனை மாதமும் நீண்டுகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் சும்மா கிடைக்கிறதே, பைய மாற்றிக்கொள்ளலாம் என்றார். சண்டை போட எனக்கு நேரமில்லை, விட்டுவிட்டேன்.

மே பாதியில் ஆறாம் அத்தியாயம் முடிந்தது. அந்த வாரமே அச்சடித்துக் கொடுத்துவிடத் துடித்தேன். கத்திரி வெயில் முடியட்டும் என்றார். கத்திரியில் வீட்டுக்குக் கால்கோள்தான் செய்யமாட்டார்கள், நான் என்ன வீடா கட்டுகிறேன் என்று கேட்டேன். முப்பத்தொன்று திங்கட்கிழமை, பஞ்சாங்கப்படி அருமையான நாள் என்றார். கடைசி நாள்தான் இவருக்கு நல்ல நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். காலையில் எழுந்தால் கத்திரி முடிய இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைத்தான் கண் தேடும்.

கொடுப்பதற்குத்தானே கத்திரி, அச்சடிப்பதையாவது மே இருபத்தேழு வியாழக்கிழமை முடிப்பது என்று முடிவாயிற்று. மத்தியான ராகு காலம் முடிந்து மூன்று மணிக்கு கம்ப்யூட்டரைப் போட்டேன். முதலில் ஓட்டிவிடுவோம் என்று இவர் வழக்கம்போல வந்தார். பச்சைக் கோடு பாதி தூரம் ஊர்ந்து நின்றது. நின்றது நின்றதுதான். அணைத்துப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது.

நேசையாவுக்குப் போன் போட்டு, நானும் கேட்பதற்காக ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அதுல என்ன தேதி வச்சிருந்திய?"

இவர் விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இருபத்தாறு," என்றார். "ஏப்ரல் இருபத்தாறு."

நேசையா வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது அத்தனையும் போய்விட்டது, மீட்க வழியில்லை என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"நாளைத் தள்ளி வச்சிய. அது ஒரு மாசம் கழிச்சு வழி கேட்டு வந்துட்டு. போன வாரமே குடுக்க விட்டிருந்தா…"

வாய்விட்டு அழுதேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் கல்லூரி முதல்வருக்குப் போன் செய்தேன். விடுமுறையானாலும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிடச் சொல்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் ராகு காலம் தொடங்கும் நேரம். இவரிடம் சொல்லவில்லை. தனியாகப் போவதென்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

திருத்திய தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டு மறுநாள் பத்தரைக்கு வாசலுக்கு வந்தால், இவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். பீரோவில் பூட்டிக் கிடந்த பிளாப்பி டப்பா ஒரு துணிப்பையில் கைப்பிடியில் தொங்கியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனுஷன் ராகு காலத்தில் பால் வாங்கக்கூட இறங்கியதில்லை.

"ராகு காலம்," என்றேன்.

"தெரியும். ஏறு."

கம்ப்யூட்டர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசித்துக் கொடுக்க ஐந்து அத்தியாயங்கள் இருந்தன. ஆறாவதை மனசிலிருந்துதான் எழுத வேண்டும். எழுதிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. திரை வெளிச்சமானதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதன் மூலையைப் பார்த்தோம். மே இருபத்தெட்டு என்று சரியாக இருந்தது.

டப்பாவைத் திறந்து, நகல் எடுக்க ஒரு காலி பிளாப்பியை அவரே உள்ளே தள்ளினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார்.