காட்டாத அறை விற்காது

வீடு விற்கச் சொல்லி வருகிறவர்களிடம் ஆனந்தவள்ளி முதல் நாளே சில விஷயங்களைச் சொல்லிவிடுவாள். வீடு பார்க்க ஆட்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். இருந்தே ஆகவேண்டுமென்றால் அதிகம் பேசாதீர்கள். ஹாலில் இருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றி வையுங்கள், வருகிறவர்கள் அந்தச் சுவரில் தங்கள் படங்களை மனதுக்குள் மாட்டிப் பார்க்கட்டும். சொட்டுகிற குழாயை இன்றைக்கே மாற்றுங்கள். குழாய் சொட்டுவதைப் பார்த்தவர் கூரையையும் சந்தேகப்படுவார். விற்றே ஆகவேண்டும் என்பது மட்டும் முகத்தில் தெரியக்கூடாது.

ஜாஹ்னவி முதல் அறிவுரையைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டாள். படங்களைக் கழற்றினாள், குழாய்களை மாற்றினாள், வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தாள். ஆனால் யார் வீடு பார்க்க வந்தாலும் கூடவே நின்றாள்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் தெருவில் ரயில் பெட்டி போல நீண்டு கிடந்த வீடு அது. ஜாஹ்னவிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கன்டோன்மென்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ரங்கம்மா போன வருஷம் காலமானதிலிருந்து அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருந்தாள். ஆஸ்திரேலியாவிலிருக்கும் தம்பி மதுசூதன் வீட்டை விற்க அக்கா பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டான். பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஆனந்தவள்ளி தானே அலைந்து சரிபார்த்து வைத்திருந்தாள். சொன்ன விலையும் நியாயமான விலைதான். கோடையில்கூட போர்வெல்லில் தண்ணீர் வற்றாது. அப்படியும் வந்தவர்களெல்லாம் "பாத்துட்டு சொல்றோம்" என்று போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

"அந்தம்மா வீட்டை விக்கலை, கண்காட்சி நடத்துது" என்றார் ஆனந்தவள்ளியின் ஆபீஸ் கூட்டாளி ஹனீஃபா. "டிக்கெட் போட்டாலாவது நமக்கு வருமானம்."

ஆனந்தவள்ளி சிரித்தாள். காரணம் அவளுக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காரணம் சமையலறை. தளிகை உள் என்றுதான் ஜாஹ்னவி சொல்வாள். ஹால், முற்றம், இரண்டு படுக்கையறை, மாடி, கொல்லை, மோட்டார் வரைக்கும் எல்லாவற்றையும் காட்டுவாள். தளிகை உள்ளின் வாசலுக்கு வந்ததும் மட்டும் பாதி சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, நிலையில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். உள்ளே இருப்பதை வாயால் சொல்வாள். கிழக்குப் பார்த்த மேடை, பின்னால் ஜன்னல், அலமாரிகள், பாத்திரம் தேய்க்கத் தனித் தொட்டி. "அம்மா காலத்துலேர்ந்து மடி. தீர்த்தமாடாம யாரையும் விடறதில்லை, தப்பா நெனச்சுக்காதேங்கோ" என்று மென்மையாக முடிப்பாள். குளித்துச் சுத்தமாக வராதவர் நுழையக்கூடாது என்று புரிந்துகொண்டு, வந்தவர்கள் தலையாட்டிவிட்டு நகர்வார்கள்.

ஆனந்தவள்ளியும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. தாண்டட்டுமா என்று கேட்டதும் இல்லை. வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருச்சிக்கு வந்து, ஆண்கள் மட்டுமே செய்துகொண்டிருந்த தொழிலில் தன் பேரில் ஒரு போர்டு மாட்டிக்கொண்டவள். பேரம் பேசும்போது எதிராளி எழுந்து போனாலும் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். ஆனால் சில வாசல்களில் கால் தானாகவே நின்றுவிடும். நிற்கச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கோடு தன்னைப் போன்றவர்களுக்காகப் போட்டது, அதைத் தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் நாகரிகம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று எப்போதோ முடிவு செய்திருந்தது. தொழில் மரியாதை என்று அதற்கு அவள் பேர் வைத்திருந்தாள்.

அந்தப் பேர் சரியில்லை என்று அவளுக்கு உணர்த்தியது ஒரு போன்.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஹயக்ரீவனும் அவன் மனைவி ஹம்ஸாவும் சென்னையிலிருந்து வந்து வீட்டைப் பார்த்திருந்தார்கள். ஹயக்ரீவனுடைய அப்பா அம்மாவுக்குப் பெருமாள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசை, அதற்குத்தான் வீடு தேடினார்கள். கையில் பணத்தோடு வந்த, குழப்பமில்லாத ஆட்கள். ஆனந்தவள்ளி எதிர்பார்த்தது இப்படி ஒரு குடும்பத்தைத்தான். செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டபோது ஹம்ஸாதான் எடுத்தாள்.

"வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த தளிகை உள்ளுல என்ன இருக்கு?" என்று நேராகக் கேட்டாள். "சுவர் விழுந்திருக்கா? தரை இறங்கிடுத்தா? நான் அன்னிக்கு தீர்த்தமாடிட்டு, பெருமாளை சேவிச்சுட்டு நேரா அங்க வந்தேன். என்னையே விடலைன்னா அது மடி இல்லை. எதையோ மறைக்கறா. அதைக் காட்டறதா இருந்தா ஞாயித்துக்கிழமை மறுபடி வரோம்."

பார்த்துச் சொல்வதாக மட்டும் சொல்லிவிட்டு ஆனந்தவள்ளி போனை வைத்தாள். ஹம்ஸாவையும் நிறுத்தினாள் என்றால் கோடு தனக்காகப் போட்டதில்லை. இத்தனை நாளும் மனதின் ஓரத்தில் ஒரு சின்ன அவமானத்தைப் பத்திரமாக வைத்துப் பழகிவிட்டாள். இப்போது அது யாருடைய பொருள் என்றே தெரியவில்லை. கோபமாக வர வேண்டியது ஒருவிதமான வேகமாக வந்தது. காட்டாத அறையைக் குறையுள்ள அறை என்றுதான் வாங்குகிறவன் கணக்குப் போடுவான். இது தொழிலின் பாலபாடம். தெரிந்தும் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம், ஜாஹ்னவி ஆபீசிலிருந்து வந்திருப்பாள் என்று தெரிந்து போனாள். காப்பி வந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு, ஹயக்ரீவன் தம்பதி இந்த ஞாயிறு மறுபடி வருவார்கள், தளிகை உள்ளைக் காட்டினால்தான் மேலே பேசுவார்கள் என்று சொன்னாள். ஜாஹ்னவி தம்ளரைப் பார்த்துக்கொண்டு, வேறு யாராவது வருவார்கள் என்றாள். வேறு யார் வந்தாலும் இதுதான் நடக்கும் என்றாள் ஆனந்தவள்ளி. திருவானைக்காவலில் ஜாஹ்னவி பேசி வைத்திருக்கும் ஃப்ளாட்டைப் பில்டர் இந்த மாதக் கடைசி வரைதான் நிறுத்தி வைத்திருப்பார் என்பதையும் நினைவுபடுத்தினாள். மூன்றாவது மாடி, ஹாலிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் ஜாஹ்னவி ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் போலப் பேசிக்கொண்டே இருந்தாள். அங்கே சமையலறைக்குக் கதவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அம்மாவோட நியமம். நான் எப்படி மாத்தறது?" என்றாள் ஜாஹ்னவி இப்போது.

ஆனந்தவள்ளிக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் இந்த வீட்டோடு உறவு முறிந்தாலும் முறியலாம். கேட்காவிட்டால் நாளைக்கு இன்னொரு வீட்டின் வாசலிலும் நிற்பாள்.

"ஒண்ணு நேரா கேக்கறேன் மேடம். நான் உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் கதவுகிட்ட நிக்கறீங்களோன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

ஜாஹ்னவியின் முகம் மாறியது. உடனே மறுக்கவில்லை. ஆனந்தவள்ளிக்கு அது பிடித்திருந்தது.

"அம்மா இருந்தா உங்களை நிறுத்தியிருப்பா" என்றாள் ஜாஹ்னவி மெதுவாக. "அதை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நான் நிறுத்தினது அதுக்கில்லை."

எழுந்து போனாள். கதவை முழுதாகத் திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

"வாங்கோ."

ஆனந்தவள்ளி உள்ளே போனாள். வாயால் சொல்லப்பட்ட சமையலறை அப்படியே அங்கே இருந்தது. கிழக்குப் பார்த்த மேடை, ஜன்னல், அலமாரிகள். இவ்வளவு விசாலமாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருக்கவில்லை. மேடையின் மூலையில் ஒரு கூடை வெங்காயம், பக்கத்தில் பூண்டு. இண்டக்ஷன் அடுப்பின்மேல் கறுத்த ஒரு சின்னத் தவா. அதற்குப் பின்னால், செய்தித்தாளால் மூடியும் மூடாமலும், ஒரு அட்டை முட்டை.

ஆனந்தவள்ளி முட்டையைப் பார்த்தாள். ஜாஹ்னவியைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று நினைத்தது ஒரு கணம்தான் தாங்கியது.

"இதுக்கா மேடம்?"

"சிரிக்காதேங்கோ" என்ற ஜாஹ்னவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பெலிண்டா டிபன்ல முட்டை கொண்டுவருவா. ஒருநாள் சாப்பிட்டுப் பாத்தேன். அம்மா போனதும் இங்கே இருந்த பெருமாள் விக்ரகத்தை தேசிகன் சித்தப்பா அவராத்துக்கு எழுந்தருளப் பண்ணிண்டு போயிட்டார். அதுக்கப்புறம்தான் நான் பண்ண ஆரம்பிச்சேன். வாங்கறதுக்கு நாலு தெரு தள்ளிப் போவேன், பையைத் துணியால சுத்திண்டு வருவேன். இந்தத் தெருவுக்குத் தெரிஞ்சா அம்மா பேரைச் சொல்லித்தானே பேசுவா."

சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போனது. ஹம்ஸா போன்றவர்கள் இங்கே பெருமாளுக்குத் தளிகை பண்ணப்போகிறவர்கள், முட்டை பொரித்த இடம் என்று தெரிந்தால் வாங்குவார்களா, தெரியாமல் அவர்கள் தலையில் கட்டினால் அது பாவமில்லையா என்று கேட்டாள். யாரையும் உள்ளே விடாமலிருந்தால் பொய் சொன்னதாக ஆகாது என்று நினைத்தாளாம். ஆனந்தவள்ளி அதை யோசித்துப் பார்த்தாள். மடி என்ற அம்மாவின் வார்த்தையை மகள் முட்டைக்குத் திரையாகப் பிடித்திருக்கிறாள். அந்தத் திரையில் இவள் தன்னுடைய பழைய வலியைப் பார்த்திருக்கிறாள், ஹம்ஸா இடிந்த சுவரைப் பார்த்திருக்கிறாள். ஒரு கதவைச் சாத்திவைத்தால் அவரவர் பயத்துக்குத் தகுந்ததை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு தொழிலுக்கு வந்தாள். சொல்லவேண்டியது தெளிவாக வந்தது. சுவரில் ஈரம் இருந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். தரை, கூரை, சாக்கடை, எல்லைத் தகராறு எல்லாம் அப்படித்தான். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது வீட்டின் குறையில்லை, அதை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம். கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

"யாரு வாங்கினாலும் புண்யாகவாசனம் பண்ணி வீட்டைச் சுத்தம் பண்ணாம பால் காய்ச்சப் போறதில்லை, மேடம். உங்க அம்மாவே பழைய வீடு வாங்கியிருந்தா அதைத்தானே செஞ்சிருப்பாங்க? யார் என்ன சமைச்சாங்கன்னு விசாரிச்சிட்டா வாங்கியிருப்பாங்க?"

ஜாஹ்னவி ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெகுநாள் திறக்கப்படாததால் அது சத்தம் போட்டது.

சுவர்களை ஆனந்தவள்ளி கையால் தடவிப் பார்த்தாள். தொட்டிக்குப் பின்னால் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி சுண்ணாம்பு பொரிந்திருந்தது. அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம், அப்படியே காட்டலாம், சரிசெய்ய ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்றாள். மற்றபடி மேடையைக் காலி செய்து கழுவச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜாஹ்னவி கோயிலுக்குப் போய்விடட்டும், வீட்டைத் தானே காட்டிக்கொள்வதாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஹ்னவி கோயிலுக்குப் போகவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். ஆனந்தவள்ளி கண்ணால் கேட்டாள். "நானே காட்டறேன், என் வீடுதானே" என்றாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது, அதனால் ஆனந்தவள்ளி விட்டுவிட்டாள்.

இந்த முறை ஜாஹ்னவி முதலில் அவர்களைத் தளிகை உள்ளுக்குத்தான் அழைத்துப் போனாள். ஹயக்ரீவன் செருப்பில்லாத காலால் தரையைத் தட்டிப் பார்த்தான். ஹம்ஸா ஜன்னலருகே நின்று வெளிச்சத்தைப் பார்த்தாள், தொட்டிக்குப் பின்னால் குனிந்தாள். ஈரத்தை அவள் கண்டுபிடிக்கும் முன்பே ஜாஹ்னவி சொல்லிவிட்டாள். அது எத்தனை வருஷமாக இருக்கிறது, கொத்தனார் என்ன சொன்னார் என்பதையும் சொன்னாள். ஹம்ஸாவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"இவ்வளவுதானா? இதை மறைக்கறதுக்கா அன்னிக்கு அப்படி நின்னேள்?"

ஆனந்தவள்ளிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம், ஈரத்துக்காகத்தான், மேடத்துக்குக் கூச்சம் என்று ஒரு வாக்கியம் போதும். முன்பென்றால் சொல்லியிருப்பாள். ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை.

"இதுக்கில்லை" என்றாள் ஜாஹ்னவி. "அம்மா போனப்புறம் நான் இங்க முட்டை பண்ணிச் சாப்பிடறேன். அதுதான் காரணம். பெருமாள் இப்ப இந்த ஆத்துல இல்லை. ஆனாலும் நீங்க தெரிஞ்சுண்டு வாங்கறதுதான் எனக்கு நிம்மதி."

ஹயக்ரீவன் கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஹம்ஸாவின் முகத்தில் சங்கடம் ஓடியது உண்மை, அதை அவள் மறைக்கவும் இல்லை. மாமியார் காதில் இது விழக்கூடாது என்று கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு மேடையைப் பார்த்தாள், இந்தக் கல்லை எப்படியும் பெயர்த்துவிட்டு உயரமாகப் போடத்தான் வேண்டும், மாமியாருக்குக் குனிந்தால் முதுகு வலிக்கும் என்றாள். கொத்தனார் நம்பரைக் கேட்டாள்.

பெயர்ப்பதைப் பற்றிப் பேசினால் வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அது ஆனந்தவள்ளிக்குத் தெரியும்.

பேரம் அங்கேயே, நின்றுகொண்டே நடந்தது. ஹயக்ரீவன் ஈரத்தைச் சொல்லிக் குறைக்கப் பார்த்தான். நியாயமான குறைப்பைவிட அதிகமாகவே கேட்டான். ஆனந்தவள்ளி பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். அதற்குள் ஜாஹ்னவி கொத்தனார் சொன்ன செலவை மட்டும் கழித்துக்கொள்ளச் சொன்னாள். அதற்கு மேல் முடியாது என்றாள். சொன்ன பிறகு பேசாமலிருந்தாள். ஹயக்ரீவன் பேசினான், காரணம் சொன்னான், ஹம்ஸாவைப் பார்த்தான். ஜாஹ்னவி இறங்கவில்லை, விளக்கவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கொல்லையிலிருந்து காற்று வந்தது.

ஆனந்தவள்ளி அலமாரியில் சாய்ந்துகொண்டாள். பேரம் நடக்கும் இடத்தில் அவள் வாயைத் திறக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை. அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"சரி" என்றான் ஹயக்ரீவன் கடைசியில். "அட்வான்ஸ் என்னிக்கு வெச்சுக்கலாம்?"

"நல்ல நாள் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள் ஜாஹ்னவி. "மாசம் முடியறதுக்குள்ள இருக்கட்டும்."