தராசின் மேல் பழி

"ஒரு ஏத்தன் வாழைக்குலையத் தனியாத் தின்னு தீர்த்தேன் ஓய். எழும்பிப் பார்த்தா ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு!"

சாலைக் கடைத்தெருவில் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் நின்றபடி கோலப்பன் அறிவித்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து, காலையில் உமாசங்கரின் அரிசிக்கடைக்கு வந்து எடை பார்த்து, நாலு பொய் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"தின்னா கூடும் வே. குறையுமா? கூடிப்போச்சு உம்ம புளுகு," என்றார் உமாசங்கர். ஆனால் அன்று எண்ணை உற்றுப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஓணத்துக்கு இருந்ததைவிட எட்டுக் கிலோ குறைவு. வியாபாரி அல்லவா, ஆளைச் சந்தேகப்படவில்லை. பழுது பார்ப்பவனைக் கூப்பிட்டுத் தராசைப் பிரித்தார். பிறகு எடை தெரிந்த, பிரிக்காத அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். அணுவளவும் பிசகவில்லை.

தராசு சரி என்றால் ஆள்தான் தேய்கிறார். உமாசங்கரின் அண்ணனும் இப்படித்தான் மெலிந்து போய்ச் சேர்ந்தார். கோலப்பனுக்கும் அது தெரியும். மனைவி பிச்சம்மாள் அவருடைய தொளதொளத்த சட்டைகளைப் பிடித்துத் தைக்கும்போது மூக்கை உறிஞ்சுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் பொய்களை இன்னும் பெரிதாக அவிழ்த்தார்.

"கடையை அடைக்கேன். வாரும் ஓய், டாக்டரைப் பாப்போம்," என்றார் உமாசங்கர்.

டாக்டர் ஆஷா அவரைக் கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது படபடத்தது. நாடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். பசி, வியர்வை, தூக்கம் எல்லாம் விசாரித்தார்.

"பேடிக்கண்டா அங்கிளே. தைராய்டு ஓவராயிட்டு பணியெடுக்குந்நு. ரக்தம் நோக்காம்." பயப்பட வேண்டாம், தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது, ரத்தம் பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சுரப்பியை அடக்க ஒரு மாத்திரை, நெஞ்சுப் படபடப்புக்கு இன்னொன்று. காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்றார் டாக்டர்.

"கேட்டேளா? திருப்பிச் சொல்லுங்கோ," என்றாள் கூட வந்திருந்த பிச்சம்மாள். கோலப்பன் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தார். வாழ்நாளில் அவர் பொய் கலக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

மழைக்காலம் வந்தபோது கை நடுக்கம் நின்று, கன்னம் மீண்டும் நிறைந்திருந்தது. கடைக்கு வந்த புதிய ஆளிடம், தின்னத் தின்னத் தேய்ந்த கதையை எடுத்துவிட்டார். அந்த ஆள் நம்பாமல் சிரித்துக்கொண்டே உமாசங்கரைப் பார்த்தார்.

உமாசங்கர் அளந்துகொண்டிருந்த அரிசியிலேயே கண்ணை வைத்திருந்தார்.

"உள்ளதுதான் அண்ணாச்சி. நான் கண்ணால கண்டேன்."

கோலப்பன் அடுத்த பொய்யை விட்டுவிட்டு, உமாசங்கர் அரிசியைக் கொட்டச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.